எழுதிய விதியும் இயங்கும் விதியும்: சுமைபகிர்விகளின் நுழைவுக் கட்டுப்பாடு பற்றிய ஓர் ஆராய்ச்சி

மன்னார் மாவட்டத்து நானாட்டான் பிரிவில், நறுவிலி மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்பது நறுவிலிக்குளம் என்னும் ஊர். அவ்வூரையும் அதன் அயலூர்களையும் சேர்ந்த கமக்காரருக்குப் பங்கீடு என்பது ஏட்டிற் படித்த செய்தியன்று. அருவியாற்றின் நீர் தேக்கம் அணையில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பப்படுகின்றது. அங்கிருந்து துருசுகளின் வழியே வாய்க்கால்களிற் புகுந்து நானாட்டான் பகுதி வயல்களை அடைகின்றது. சிறுபோகத்தில் நீர் அருமையாதலின், எத்துணைக் காணியில் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எந்நாளில் நீர் விடுவது என்பன பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகிக் குறிப்பேட்டில் எழுதப்படும். எழுதிய அன்றே விதி பிறந்துவிடுகின்றது. ஆயினும் பூட்ட வேண்டிய துருசு உண்மையிலேயே பூட்டப்பட்டிருக்கின்றதா என்பதை அக்குறிப்பேடு கூறாது. கதவு இறங்கியிருந்தும் அடியில் ஒரு கல் சிக்கி நீர் கசியலாம். கரையில் எவரோ வெட்டிய சிறு உடைப்பு வழியே நீர் வேறு புலத்துக்குப் போகலாம். இதனை அறிய விரும்புவோன் குறிப்பேட்டைப் புரட்டுவதில்லை. வைகறையில் வாய்க்காலின் கடைக்கோடிக்கு நடந்து சென்று, மண் ஈரமா உலர்வா என்று பார்க்கின்றான்.

இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள் கணினித் துறையைச் சார்ந்தது. எனினும் அதன் உயிர்நிலை மேற்கூறிய வைகறை நடையிலேயே உள்ளது. விதி எழுதப்பட்டிருத்தல் ஒன்று. விதி நடைமுறையில் நின்று தடுத்தல் பிறிதொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால் நேர்ந்த இடர்கள் சிலவற்றையும், இவற்றைப் பிரித்தறியும் முறையையும் ஈண்டுக் காண்போம்.

முதற்கண் சுமைபகிர்வி என்பது யாதெனக் கூறுதல் வேண்டும். தொழிற்றுறையினர் அதனை லோட் பலன்சர் என வழங்குவர். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், பல இலட்சம் மாணவரும் பெற்றோரும் ஒரே நாழிகையில் ஒரே இணையத்தளத்தை நாடுகின்றனர். அத்துணை வேண்டுகைகளுக்கும் ஒரு வழங்கி தனித்து விடையளித்தல் இயலாது. ஆதலின் ஒத்த வழங்கிகள் பலவற்றை வரிசையாக நிறுத்தி, அவற்றின் முன்னே ஒரு பொறியை அமைத்து, வருகின்ற வேண்டுகைகளை அப்பொறியே பகிர்ந்தனுப்புமாறு செய்வர். அமெரிக்காவின் சியாற்றில் நகரில் 1996 இல் தோன்றிய எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி என்னும் பொறி 1997 இல் வெளிவந்து இத்துறையில் பெயர் பெற்றது. பிரான்சு நாட்டவராகிய வில்லி தறோ என்பார் 2001 இல் வெளியிட்ட ஹெச்ஏபிராக்ஸி என்னும் மென்பொருளும், உருசிய நாட்டு இகோர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்பதும் விலையின்றிக் கிடைப்பவை. சிறிய அலுவலகங்களும் இவற்றை எளிதிற் பயன்படுத்துகின்றன.

எல்லா வேண்டுகைகளும் இப்பொறியைக் கடந்தே செல்ல வேண்டியிருத்தலின், பங்கிடும் பொறியே வாயிற்காவலாகவும் ஆக்கப்பட்டது. யார் வரலாம், எவ்வறைக்குச் செல்லலாம், கடவுச்சொல் காட்டினாரா என்பனவற்றை அங்கேயே வினவுதல் சிக்கனமானது. அவ்வினாக்களை ஆள்வோர் தம் தேவைக்கேற்ப எழுதிக்கொள்ளும் சிறு நிரல்களே ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைநிரல்கள். பிக்-ஐபியில் இவை டிசிஎல் என்னும் மொழியில் எழுதப்படுகின்றன. பேர்க்கலிப் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஔஸ்டர்ஹவுட் என்பார் 1988 இல் ஆக்கிய மொழி அது. பயன்பாட்டில் எளிமையும் நெகிழ்ச்சியும் உடையது. நெகிழ்ச்சி எங்குண்டோ ஆங்குத் தவறுக்கும் இடமுண்டு.

கட்டளைநிரல் ஒன்றைக் கையிற் பெற்ற ஆய்வாளன் பெரும்பாலும் அதனை வாசிக்கின்றான். தடுக்கும் வரி இருக்கக் கண்டு அமைதியடைகின்றான். ஆனால் வாசிக்கப்படுவது வட்டிலுள்ள கோப்பு. இயங்குவது பொறியின் நினைவிலுள்ள படி. கோப்பைத் திருத்திய பின் பொறிக்கு அதனை மீள ஏற்றுமாறு கூறாவிடில், பழைய விதியே ஆட்சி செய்யும். ஹெச்ஏபிராக்ஸியும் என்ஜின்எக்ஸும் கோப்பின் இலக்கணத்தைச் சரிபார்க்கும் வசதி உடையன. அச்சரிபார்ப்பு 'பிழையில்லை' எனக் கூறுமாயின், வாக்கியம் இலக்கணப்படி அமைந்துள்ளது என்பதே அதன் பொருள். வாக்கியம் உண்மையென்பதும், அது பொறியின் நினைவில் ஏறியுள்ளது என்பதும் அதனாற் பெறப்படா.

வரிசைமுறை அடுத்த கண்ணி. ஹெச்ஏபிராக்ஸியில் வேண்டுகை பற்றிய விதிகள் மேலிருந்து கீழாக ஆராயப்படும். 'அனுமதி' என முடிவு கூறும் விதியொன்று பொருந்திவிட்டால், அதே தொகுதியில் அதற்குக் கீழுள்ள தடைவிதி எட்டிப்பார்க்கவும் படாது. தடைவிதி ஏட்டில் இருக்கும். வாசிப்போன் கண்ணுக்குத் தெரியும். பொறியின் கண்ணுக்கு அது இல்லாததற்குச் சமமாகும். எழுத்து வேறுபாடும் இவ்வாறே. பாதையின் தொடக்கத்தைச் சிறிய எழுத்திற் குறித்துத் தடுத்தால், பெரிய எழுத்திற் கேட்போன் தடுக்கப்படான். வேறுபாடு பாராதே எனத் தனியே கூறினாலன்றி அவ்விதி அவனுக்குப் பொருந்தாது. பின்னால் நிற்கும் வழங்கி இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுமாயின், காவல் கடக்கப்பட்டதாயிற்று.

பிக்-ஐபியில் நிலைமை இன்னும் நுண்ணியது. அங்கே நுழைவுக் கட்டுப்பாடு என்பது கட்டளைநிரலில் மட்டும் இருப்பதன்று. மாயவழங்கி எனப்படும் வாயிலோடு ஓர் அனுமதிக் கோவையும் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். கோவை இணைக்கப்பட்ட வாயிலில் எல்லா வேண்டுகைகளுக்கும் கட்டுப்பாடு இயல்பாகவே செயற்படும். கட்டளைநிரலோ 'ஆக்சஸ் டிசேபிள்' என்னும் ஒரு வரியால், குறித்த வேண்டுகைக்கு மட்டும் அதனை நீக்கிவிட வல்லது. 'கட்டுப்பாடு உண்டா?' என்ற வினாவுக்கு நிருவாகத் திரை 'உண்டு' என்றே விடை கூறும், அவ்விடை பொய்யுமன்று. எந்த வேண்டுகைக்கு அது விலக்கப்பட்டுள்ளது என்பதைத் திரை கூறுவதில்லை. கட்டளைநிரல் தானே வினவவும் வழியுண்டு. இந்த வேண்டுகைக்குரிய அமர்வு உளதா, அவ்வமர்வின் முடிவு அனுமதியா என்று கேட்டு, இரண்டும் உண்டாயின் மட்டும் வழிவிடுமாறு எழுதலாம். இவ்வாறு எழுதுதலே நன்று என்பது என் கருத்து. ஆனால் இவ்வினா பிழைபட்டால் டிசிஎல் மொழி இணைப்பை அறுத்துவிடும். அதனைத் தொல்லையெனக் கருதி, 'கேட்ச்' என்னும் கட்டளையால் பிழையை விழுங்கச் செய்து மேலே போகும் நிரலாளரும் உளர். அவர் நிரலில் வினா உண்டு; விடைக்குக் காத்திருத்தல் இல்லை.

இவ்விடத்தில் யான் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுதல் பொருந்தும். மாணவர் பதிவேடுகளைக் காத்துவந்த ஓர் அலுவலகத்தில் சிலகாலம் பணியாற்றினேன். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. உள்நுழைவுப் பக்கத்தில் அலுவலக இலச்சினை தோன்றுதல் வேண்டும். கடவுச்சொல் தருமுன்னரே அப்படம் தெரியவேண்டுமாதலின், அதற்கு மட்டும் கட்டுப்பாட்டை விலக்கினோம். 'முகவரியில் லோகோ என்னும் சொல் இருப்பின் விலக்குக' என்பதே எழுதிய வரி. பிக்-ஐபியில் முகவரி என்று கேட்டால் பாதை மட்டுமன்றி, கேள்விக்குறிக்குப் பின்னுள்ள பகுதியும் சேர்ந்தே கிடைக்கும். ஆதலின் எந்தப் பதிவேட்டின் முகவரிக்குப் பின்னும் ஒரு கேள்விக்குறியும் அச்சொல்லும் ஒட்டிவிட்டால், கடவுச்சொல் இன்றியே பதிவேடு திறந்தது. அவ்வரி பதினொரு மாதம் அங்கே இருந்தது. அதற்கிடையில் இருமுறை ஆய்வு நடந்தது. இருமுறையும் ஆய்வாளர் திரையைப் பார்த்து 'கட்டுப்பாடு செயற்படுகின்றது' என எழுதிக் கையொப்பமிட்டனர். மூன்றாம் முறை, புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர், ஏட்டைப் பாராமல் தம் கைப்பேசியிலிருந்து வெளியாளாக வந்து கேட்டுப் பார்த்தார். வரியை எழுதியவருள் யானும் ஒருவன். அம்மாதங்களில் எவரேனும் நுழைந்தனரா என்பதற்குப் பதிவுகள் அழிந்துபோயிருந்தமையால், பெற்றோர்க்குக் கூற எம்மிடம் விடை இருக்கவில்லை.

எம் பிழை சிறியோர் பிழை. பொறியை ஆக்கியோரே இவ்வகையில் இடறியதுண்டு. 2020 ஆம் ஆண்டு யூலை முற்பகுதியில் உலகறிந்த சீ.வீ.ஈ. 2020-5902 என்னும் குறைபாட்டைச் சற்று விரிவாக நோக்குவோம். பாசிற்றிவ் ரெக்னோலொஜிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மிகையில் குளூச்நிகோவ் என்பார் கண்டுபிடித்த இது, பிக்-ஐபியின் நிருவாகத் திரையைப் பற்றியது. ஆபத்தின் அளவுகோலில் பத்துக்குப் பத்து எனக் குறிக்கப்பட்டது. அத்திரைக்குப் பின்னால் இரு நிரல்கள் அடுத்தடுத்து நின்றன. முன்னிற்பது அப்பாச்சி, பின்னிற்பது ரொம்கற். உள்நுழைவுப் பக்கத்தைக் கடவுச்சொல் இன்றியும் காட்டலாம் என்பது முன்னதன் விதி; ஏனைய பக்கங்களுக்குக் கடவுச்சொல் வேண்டும். விதியிற் குற்றமில்லை. உள்நுழைவுப் பக்கத்தின் பெயருக்குப் பின் இரண்டு புள்ளியும் ஓர் அரைப்புள்ளியும் இட்டு, வேறொரு பக்கத்தின் பாதையையும் எழுதி ஒருவன் அனுப்பினான் என்க. முன்னிற்பது அதனை உள்நுழைவுப் பக்கத்தின் கீழுள்ள ஏதோ ஒன்றெனப் படித்து வழிவிட்டது. பின்னிற்பது அரைப்புள்ளியை வேறாகப் பிரித்து, இரண்டு புள்ளியை 'ஒருபடி மேலே செல்க' எனப் படித்து, மறைவான பக்கத்தைத் திறந்து கொடுத்தது. ஒரே தொடரை இருவர் இருவேறாகப் பதம்பிரித்தனர். இடைவெளியில் கள்வன் புகுந்தான். நன்னூல் கற்ற மாணவர்க்குப் புணர்ச்சியைத் தவறாகப் பிரித்தால் பொருள் மாறும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வகை வேறுபாடு எதிர்பாராததும் அன்று. தாய்வானைச் சேர்ந்த ஒரேஞ்ச் சாய் என்னும் ஆய்வாளர் 2018 ஆம் ஆண்டிலேயே பிளாக் ஹற் மாநாட்டில் இதனை எடுத்துரைத்திருந்தார். குறைபாடு வெளிப்பட்டவுடன், திருத்திய பதிப்பை ஏற்ற இயலாதோர்க்கென ஓர் இடைக்கால விதியை எஃப்5 அறிவித்தது. குறித்த புள்ளி அரைப்புள்ளித் தொடர் வருமாயின் தடுக்குமாறு அது எழுதப்பட்டிருந்தது. சில நாட்களுக்குள் அதனையும் சுற்றிச் செல்லலாம் எனப் பிறர் காட்டவே, விதி மீண்டும் திருத்தப்பட்டது. முதல் விதியை நகலெடுத்து ஒட்டிவிட்டு 'எம் பொறி காக்கப்பட்டது' என ஏட்டில் எழுதியவர்களின் நிலை, அந்நாட்களில் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாண்டு கழித்து, 2022 மே மாதத்தில், அதே பொறியில் சீ.வீ.ஈ. 2022-1388 வெளிப்பட்டது. இங்கே காவலர் இருவர். முதற்காவலர் வருவோன் கையில் அடையாளச் சீட்டு ஒன்று இருக்கின்றதா என்று மட்டும் பார்ப்பார். சீட்டு மெய்யா பொய்யா என்பதை உள்ளிருப்பவர் ஆராய்வார் என்பது அவர் எண்ணம். இணைப்புப் பற்றிய தலைப்புரையில் அச்சீட்டின் பெயரையும் வருவோன் எழுதிவிட்டால், இணைய நெறிப்படி அச்சீட்டு அடுத்தவரிடம் செல்லுமுன் நீக்கப்படும். உள்ளிருப்பவர் சீட்டைக் காணாராயினும், வாயிலில் ஆராய்ந்தே அனுப்பினர் என நம்பி, வந்தவன் தன்னை நிருவாகி எனக் கூறியதையும் ஏற்றுக்கொண்டார். இருவரும் தத்தம் கடமையைச் செய்தனர் என்றே கூறலாம். ஆராய்தல் மட்டும் நிகழவில்லை. அலுவலகங்களில் கோப்புகள் நகரும் விதத்தை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இன்னொரு கண்ணி மிகப் பரந்து காணப்படுவது. ஆயினும் குறைவாகவே பேசப்படுவது. அலுவலகத்தின் உள்ளிருந்து வருவோர்க்கு மட்டும் அனுமதி என விதி எழுதி, உள்முகவரிகளைக் குறித்து வைப்பர். பின்னர் ஒருநாள் அப்பொறியின் முன்னே வேறொரு சுமைபகிர்வி அமைக்கப்படும். அன்றுதொட்டு எல்லா வேண்டுகைகளும் அம்முன்பொறியின் உள்முகவரியிலிருந்தே வருகின்றன. ஒரெழுத்தும் மாற்றப்படாத விதி, உலகோர் அனைவரையும் உள்ளூரார் எனக் கொண்டு வரவேற்கின்றது. இதற்கு மாற்றாக, முன்பொறி எழுதியனுப்பும் 'மெய்முகவரி' என்னும் தலைப்புரையை நம்பலாம் என்பர். அத்தலைப்புரையை வெளியாளும் தானே எழுதியனுப்பலாம் என்பதை மறத்தல் கூடாது. முன்பொறி வெளியிலிருந்து வந்ததை அழித்துத் தான் புதிதாக எழுதினாலன்றி அதனால் பயனில்லை.

ஆகவே சரிபார்த்தல் எவ்வாறு அமைதல் வேண்டும்? வாய்க்காலின் கடையில் நின்று பார்த்தலே தலையாயது. வெளியாளின் இடத்திலிருந்து, கடவுச்சொல் இன்றி, காக்கப்பட்ட பக்கமொன்றைக் கேட்டுத் தடை கிடைக்கின்றதா எனக் காண வேண்டும். அது மட்டும் போதாது. உரியவர் கேட்குங்கால் திறக்கின்றதா என்பதையும் உடனே காண வேண்டும். ஏனெனில் வழங்கி செத்துக் கிடந்தாலும் எல்லார்க்கும் 'இல்லை' என்றே விடை வரும். அதனைக் காவல் எனக் கருதுதல் வரண்ட குளத்தைப் பார்த்துத் துருசு நன்றெனப் புகழ்வது போலும். தடையின் வகையையும் நோக்குக. 403 என்பது மறுப்பு; 401 என்பது அடையாளம் கேட்டல்; 404 என்பது அப்பொருள் இல்லை என்றல்; 503 என்பது விடையளிப்போர் இல்லை என்றல். தடுக்கும் விதி 403 தருமாறு எழுதப்பட்டிருக்க 404 வருமாயின், தடுத்தது அவ்விதியன்று. வேண்டுகை பின்னிற்கும் வழங்கி வரை சென்றே திரும்பியுள்ளது எனக் கொள்ள இடமுண்டு.

மிகவும் பயன்தருவதாக நான் காண்பது வேறொரு சோதனை. ஆய்வுக்கெனத் தனியே அமைத்த பொறியில், தடைவிதியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு அதே வினாவை மீண்டும் கேட்க வேண்டும். இப்பொழுது கதவு திறந்தால், முன்னர் மூடியது இவ்விதியே என்பது உறுதியாயிற்று. விதியை நீக்கிய பின்னும் சோதனை 'நன்று' எனவே கூறுமாயின், அச்சோதனை இதுகாறும் எதையும் சோதிக்கவில்லை. இதனைச் செய்வோர் மிகச் சிலர். சோம்பல் காரணமெனச் சொல்லத் தயங்கேன்.

ஒரே இணைப்பில் அடுத்தடுத்து இரண்டு வேண்டுகைகளை அனுப்பிப் பார்த்தலும் வேண்டும். பிக்-ஐபியின் கட்டளைநிரலில் ஒரு மாறி பெற்ற மதிப்பு அவ்விணைப்பு முடியும்வரை நிலைக்கும். முதல் வேண்டுகைக்கு 'விலக்கு' எனக் குறித்த கொடியை இரண்டாவது வேண்டுகைக்கு முன் தாழ்த்த மறந்தால், பொதுப்படம் கேட்டு வந்தவன் அதே மூச்சில் பதிவேட்டையும் பெற்றுக்கொள்வான். ஒவ்வொன்றாகத் தனித்தனி இணைப்பிற் சோதித்தவர்க்கு இது ஒருபோதும் தென்படாது. இனி, சுமைபகிர்விகள் பெரும்பாலும் இரட்டையாக நிற்பன. ஒன்று பழுதுற்றால் மற்றது ஏற்கும். புதிய விதி முதற்பொறிக்கு மட்டும் எழுதப்பட்டு மாற்றுப்பொறிக்குச் சென்று சேராதிருத்தல் உண்டு. அவ்வாறாயின் பழுது நேர்ந்த இரவிலேயே காவலும் அகலும். மாற்றுப்பொறியையும் அதன் பெயர் சொல்லித் தனியே வினவ வேண்டும். அடையாளம் ஆராயும் துணைநிலையத்தை நிறுத்திவிட்டு, பொறி கதவை மூடுகின்றதா திறக்கின்றதா என்பதையும் காண வேண்டும். மூடினால் மக்கள் முணுமுணுப்பர், திறந்தால் எவரும் அறியார்.

ஓர் எச்சரிக்கை. இம்முறைகளைக் கற்ற மாணவர், அயலார் வாயிலில் தட்டிப் பார்க்க ஆசைப்படுதல் இயல்பு. இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கணினியுள் நுழைதலைக் குற்றமாக்கியுள்ளது. உடையவரின் எழுத்துமூல இசைவு பெற்ற பின்னரே எதனையும் சோதித்தல் தகும். பயில விரும்புவோர் ஹெச்ஏபிராக்ஸியைத் தம் சொந்தக் கணினியிலேயே நிறுவி, இங்குக் கூறிய கண்ணிகளுட் சிலவற்றைத் தாமே வைத்துத் தாமே விழுந்து பார்க்கலாம்.

மேலே கூறிய அலுவலகத்தில், அவ்விளைஞர் பின்னர் ஒரு சிறு சோதனைநிரல் எழுதினார். ஒவ்வோர் இரவும் அது வெளியிலிருந்து வந்து, ஏறத்தாழ நாற்பது வினாக்களைக் கேட்டு விடைகளை ஒப்பிட்டது. அவற்றுள் முதல் வினா, பதிவேட்டு முகவரிக்குப் பின் கேள்விக்குறியும் லோகோ என்னும் சொல்லும் ஒட்டியது. எதிர்பார்க்கும் விடை, மறுப்பு. அவ்வரி நீக்கப்பட்டுவிட்டதே, இவ்வினா இனி எதற்கு என்று யான் ஒருமுறை கேட்டதுண்டு. மறுவருடம் மாற்றுப்பொறி பழைய காப்புப்படியிலிருந்து மீட்கப்பட்ட இரவில், அம்முதல் வினாவுக்குக் கதவு திறந்தது. விடியுமுன் அதனை மூடினோம்.